இமாமுக்குப் பின்னால் நின்றவர்கள்

நம்புங்கன்னு நான் யாரையும் கேக்கலை. ஈரக் கம்பளத்தைக் காய வச்சவன் நான். அதனால சொல்றேன்.

எங்க பள்ளிவாசல் பினாங்குக்கு வடக்கே ஒரு சின்ன மீன்பிடித் துறையில இருக்கு. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த தமிழ் ஆளுங்க கட்டினது. நாலு வரிசை நின்னா நிறைஞ்சிடும். அங்கே மைக்கும் ஃபேனும் நான்தான் பார்த்துக்கிறேன். கடைத்தெருவுல ஃபேன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். பேரு அஸ்கர்.

சண்டை கஞ்சியில ஆரம்பிச்சது. சிரிக்காதீங்க, கஞ்சியிலதான்.

வருஷா வருஷம் நோன்பு மாசத்துல நம்ம நோன்புக்கஞ்சிதான், ஒரே தேக்சா அண்டா. அந்த வருஷம் மலாய்க்காரங்க தங்களோட பூபோர் கஞ்சியையும் காய்ச்சணும்னாங்க. நிர்வாகத் தலைவர் கனி ஹாஜியாருக்குக் கோபம் வந்துடுச்சு. "எங்க வாப்பாமார் கட்டின பள்ளி. இங்கே எங்க கஞ்சிதான்"னார். மலாய்க்காரங்கள்ல பெரியவர் பாக் தாஹிர். அவர் விடுவாரா? "கட்டினது நீங்க, நிலம் கொடுத்தது யாரு?"ன்னு கேட்டார்.

ரெண்டு தேக்சா ஆச்சு. வாங்குறதுக்கு ரெண்டு வரிசை ஆச்சு. பெருநாள் முடிஞ்சு தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் ஆளுங்க ரெண்டாவே நின்னாங்க.

தொழுகையிலயும் அப்படித்தான். நாங்க வலது பக்கம், அவங்க இடது பக்கம். பின்வரிசையில பங்களாதேஷ்காரங்க ஒரு மூலை, ரோஹிங்கியாக்கள் ஒரு மூலை. இமாமுக்கு நேர் பின்னால இருந்துதான் வரிசை தொடங்கணும். சட்டம் அது. எங்க பள்ளியில இமாமுக்கு நேர் பின்னால ரெண்டு கட்டில் போடற அளவுக்கு இடம் காலியா கிடந்தது. தொழுகை வரிசையில இடைவெளி விட்டா ஷைத்தான் நுழைவான்னு சின்ன வயசுலயே எல்லாருக்கும் ஓதிக் கொடுத்ததுதான். தெரிஞ்சு என்ன பண்ண? முதல்ல அவன் நகரட்டும்னு நான் நின்னேன். நான் நகரட்டும்னு அவன் நின்னான்.

இப்படி ஏழு மாசம் போச்சு.

ஒருநாள் அஸர் தொழுகைக்கு முன்னால பெருக்கிட்டிருந்தேன். அந்த நடு இடத்துல கால்ல ஈரம் பட்டது. மேலே பார்த்தேன். கூரை ஒழுகலை, மழைக்காலமும் இல்லை. தரை ஃபேனை வச்சுக் காய வச்சேன். காய்ஞ்ச இடம் வெள்ளையா பூத்திருந்தது. விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு.

மறுநாளும் ஈரம். அதுக்கு மறுநாளும்.

முதல்ல கனி ஹாஜியார் வந்தார். அவர் எங்க வரிசையோட உள்பக்கத்து ஓரத்துல நிக்கிறவர்.

"அஸ்கரு, அந்த மலாய்க்காரங்ககிட்ட சொல்லி வை. ஒளு செஞ்சு கால் கழுவிட்டுத் துடைக்காம வந்து என் பக்கத்துல நிக்கிறாங்க. கம்பளம் நாசமாகுது. ஸலாம் கொடுத்துட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். நமக்குக் கை கொடுக்கக்கூட மனசில்லையாக்கும்!"

சாயந்தரம் பாக் தாஹிர் வந்தார். அவங்க வரிசையில உள்பக்கத்து ஓரம் அவரோடது. மலாயிலதான் பேசினார்.

"உங்க தமிழ் ஆளுங்களுக்குச் சொல்லு அஸ்கர். ஈரக் காலோட வந்து என்கிட்ட நிக்கிறாங்க. தொழுது முடிச்சதும் ஓடிடறாங்க. நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

அவர் போன பிறகு நான் துடைப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். ஏன்னா நானும் பார்த்திருந்தேன். தொழும்போது பார்வை கீழே இருக்கும், ஓரக்கண்ணுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க கால்தான் தெரியும். நடுவுல கால் இருந்தது. வெளுத்த கால், தண்ணியில ஊறின விரல். மலாய்க்காரங்கன்னு நினைச்சேன். இத்தனை நாளும் அப்படித்தான் நினைச்சேன். ஒருநாள்கூடத் திரும்பி யாரு என்னன்னு பார்க்கலை. அவங்க ஆளுன்னா நமக்கென்ன வந்தது?

யா ரப்பே, ரெண்டு பக்கத்து ஆளும் இல்லைன்னா அது யாரு? துடைப்பத்தைப் போட்டுட்டு ஹஸ்ரத் அறைக்கு ஓடினேன்.

எங்க இமாம் ஸதக்கத்துல்லா ஹஸ்ரத். காயல்பட்டணத்துக்காரர், வயசு ஐம்பத்தஞ்சு. இருபத்தொரு வருஷமா இந்தப் பள்ளிக்கு அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுட்டு அவர் ஆச்சரியப்படலை. ஓதிட்டிருந்த குர்ஆனை மூடி வச்சார்.

"உனக்கும் தெரிஞ்சு போச்சா?"

"ஹஸ்ரத், உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தமா ஓதுற தொழுகையில அல்ஹம்து சூராவை வலள்ளால்லீன்னு முடிக்கிறேன். வலது பக்கம் ஆமீன் சொல்றாங்க. இடது பக்கம் ஆமீன் சொல்றாங்க. ரெண்டும் அடங்கின பிறகு எனக்கு நேர் பின்னால ஒரு ஆமீன். மொதல்ல ஒரே குரல்தான் இருந்தது. இப்ப ஏழெட்டு இருக்கும்."

"திரும்பிப் பார்த்தீங்களா?"

"ஸலாம் கொடுக்கும்போது பார்ப்பேன். வெறும் கம்பளம். ஆனா பிடரியில மூச்சு படுது அஸ்கர். ஈர மூச்சு."

அவர் பிடரியைத் துடைச்சுக்கிட்டார்.

"நேத்து விடிகாலை ஃபஜ்ருல அல்ஹம்து சூரா பாதியில மறந்து போச்சு. நாலு வயசுல மனப்பாடம் பண்ணது! இமாம் மறந்தா பின்னால நிக்கிறவங்க எடுத்துக் கொடுக்கணும். வலது பக்கம் சும்மா நின்னது. இடது பக்கம் சும்மா நின்னது. நடுவுல இருந்துதான் எடுத்துக் கொடுத்தாங்க."

எனக்கு அது நினைவிருந்தது. ஹஸ்ரத் திணறினதும் வாயைத் திறக்கப் போனேன். அவங்க பக்கம் சொல்லட்டுமேன்னு மூடிக்கிட்டேன். அப்புறம் யாரோ சொன்னாங்க. அவங்க பக்கத்து ஆளுன்னு நினைச்சேன்.

"இப்படியே போனா என்னால இமாமா நிக்க முடியாது. பைத்தியம் பிடிச்சிடும்"னு ஹஸ்ரத் சொன்னார். சொல்லும்போதே அழுதுட்டார். அவரை நான் அழுது பார்த்ததே இல்லை.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. பள்ளிக்கு நடுவுல சுவர் கட்டுறதுன்னு பேசி முடிச்சிருந்தாங்க. இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் ஒரு பள்ளி. கனி ஹாஜியாரும் பாக் தாஹிரும் அந்த ஏழு மாசத்துல ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். செங்கல் வந்து இறங்கியாச்சு. மார்க்கத்துல அதுக்கு இடமுண்டுன்னு ஹஸ்ரத் ஒரு வார்த்தை சொல்லணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு சொல்றேன்னு அவர் தவணை கேட்டிருந்தார். அவர் சரின்னா சுவர், இல்லைன்னா இல்லை.

வியாழக்கிழமை மதியம் ஹஸ்ரத் என் மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்தார்.

"பாவாகிட்ட போ."

பாவாவைப் பத்திச் சொல்லணும். துறைமுகத்துல படகுகளுக்கு ஐஸ் விக்கிறவர். நாற்பது வயசுகூட இருக்காது. தலைப்பாகை கட்டின ஆலிம், தன்னைவிடச் சின்னவரான ஒரு ஐஸ்காரரை குருவா ஏத்துக்கிட்டாருன்னு ஊரே கேலி பண்ணுச்சு. ஹஸ்ரத் கண்டுக்கலை. பாவா தமிழும் பேசுவார், மலாயும் பேசுவார், படகுக்காரங்களோட உருதுவும் பேசுவார். தாய் எந்த ஊர், தகப்பன் எந்த ஆளுன்னு யாராவது கேட்டா, "உங்க வீட்டுல பொண்ணா கேட்டேன்?"னு சிரிப்பார்.

நாங்க போனப்ப ஐஸ் பாளத்தைத் தள்ளிட்டிருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாவா."

"வஅலைக்குமுஸ்ஸலாம். அந்த முனையைப் பிடிங்க ஹஸ்ரத்."

ஹஸ்ரத் ஜிப்பாக் கையை மடிச்சு விட்டுட்டுப் பிடிச்சார். ரெண்டு பேருமா நகர்த்தினாங்க. பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவுல மரத்தூள் தூவியிருந்தது. ஹஸ்ரத் அதையே பார்த்தார்.

"பாவா, இதுல ஏதோ பாடம் சொல்றீங்க."

"பாடமா? தூள் போடலைன்னா ஒட்டிக்கும், அப்புறம் கடப்பாரைதான். இது வியாபாரம் ஹஸ்ரத். எல்லாத்துலயும் பாடம் தேடினா விரல் விறைச்சுப் போகும். வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

ஹஸ்ரத் எல்லாத்தையும் சொன்னார். பாவா குறுக்கே பேசாம கேட்டார். முடிஞ்சதும் கையைக் கைலியில துடைச்சுக்கிட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அவங்க போகணும்."

"எங்கே?"

"வந்த இடத்துக்கு."

"எங்கேயிருந்து வந்தாங்க?"

"அதான் தெரியலையே! ஷைத்தானா இருந்தா ஆமீன் சொல்வானா? ஜின்னா? இல்லே, கடல்ல போன மக்களா? அப்படின்னா எந்தப் படகு? பர்மாவுல இருந்து தப்பிச்சு வந்ததா, நம்ம நாகப்பட்டணம் பக்கமா, சுமத்ராவோட அச்சேக்காரங்களா?"

பாவா சிரிச்சுட்டார்.

"செத்தாக்கூட விட மாட்டீங்களா ஹஸ்ரத்? எந்த ஊரு, எந்த ஆளு?"

ஹஸ்ரத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பாவா இன்னொரு பாளத்து மேல தூள் தூவினார்.

"தொழுகைக்கு முன்னால 'வரிசையை நேராக்குங்க, இடைவெளியை அடைங்க'ன்னு சொல்றீங்கள்ல?"

"தினம் அஞ்சு தடவை சொல்றேன்."

"எந்தப் பக்கம் பார்த்துச் சொல்றீங்க?"

ஹஸ்ரத் மடிச்சு விட்ட ஜிப்பாக் கையை இறக்கி விட்டார்.

"சுவத்தைப் பார்த்து."

"சுவரா கேக்கப் போகுது?"

"திரும்பிச் சொன்னா யாராவது ஒருத்தரைப் பேர் சொல்லி நகரச் சொல்லணும் பாவா. கனி ஹாஜியாரைச் சொன்னா எங்க ஆளுங்க முறுக்கிக்குவாங்க. பாக் தாஹிரைச் சொன்னா, தமிழ் இமாம் எங்களை விரட்டுறார்னு அவங்க சொல்வாங்க. நான் எங்கே போவேன்?"

ஹஸ்ரத் பாவாகிட்ட நெருங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தச் சுவர் சரியா நடு இடத்துலதான் வருது. அவங்க நிக்கிற இடத்துலேயே. சுவர் வந்துட்டா அவங்க நிக்க இடமிருக்காது, எனக்குப் பின்னால யாரும் இருக்க மாட்டாங்க. நாளைக்கு நான் சரின்னு சொல்லிடவா? நீங்க தலையாட்டினா போதும்."

இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாரான்னு எனக்குத் திக்குன்னுச்சு. சுவர் வேண்டாம்னு வழி தேடி வந்திருக்கார்னு நினைச்சுத்தான் நான் மோட்டாரை அவ்வளவு வேகமா ஓட்டினேன்.

பாவா தலையாட்டலை.

"சாயந்தரம் மஃரிபுக்கு வர்றேன்"னார். அடுத்த பாளத்தைத் தள்ளப் போயிட்டார்.

அன்னிக்கு மஃரிபுக்கு நல்ல கூட்டம். மறுநாள் சுவர் விஷயம் முடிவாகும்னு எல்லாரும் வந்திருந்தாங்க. நாங்க வலது பக்கம், அவங்க இடது பக்கம். பாவா துவைச்ச கைலி கட்டி, தொப்பி போட்டு வந்தார். வாசல்ல நின்னு ரெண்டு பக்கத்தையும் பார்த்தார்.

கனி ஹாஜியார் நகர்ந்து இடம் காட்டினார். "இப்படி வாங்க பாவா, நம்ம பக்கம்."

அந்தப் பக்கத்துல பாக் தாஹிரும் கையைக் காட்டினார்.

பாவா ரெண்டு பேருக்கும் ஸலாம் சொல்லிட்டு நேரே நடுவுல நடந்தார். இமாமுக்கு நேர் பின்னால போய் நின்னார். காலியான இடத்தைப் பார்த்து, பஸ்ல ஏறுறவங்க சொல்ற மாதிரி, "கொஞ்சம் இடம் கொடுங்க"ன்னார்.

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க.

அப்புறம் பாவா பக்கவாட்டுல உடம்பைத் திருப்பி, யாரோ ரெண்டு பேருக்கு நடுவுல நுழையிற மாதிரி நுழைஞ்சார். நின்னதும் தோளைக் குறுக்கிக்கிட்டார். முழங்கை ரெண்டையும் வயித்தோட ஒட்டிக்கிட்டார். சிரிப்பு நின்னு போச்சு. அவருக்கு வலது பக்கம் கனி ஹாஜியார் வரைக்கும் வெறும் கம்பளம். இடது பக்கம் பாக் தாஹிர் வரைக்கும் வெறும் கம்பளம். அவ்வளவு இடத்துல ஒரு மனுஷன் நெருக்கிக்கிட்டு நிக்கிறார்.

ஹஸ்ரத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

என் தொழுகை அன்னிக்குப் போச்சு, மறைச்சு என்ன? ஓரக்கண்ணால நடுவுல பார்த்தேன். கால்கள் இருந்தது. வெளுத்த காலுக்கு நடுவுல பாவாவோட கறுத்த கால், சுண்டுவிரலோட சுண்டுவிரல் ஒட்டி. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பாவா மட்டும்தான். குனிஞ்சேன், கால்கள். அதுக்கு மேல நிமிர எனக்குத் துணிச்சல் இல்லை.

ஹஸ்ரத் வலள்ளால்லீன்னார்.

நாங்க ஆமீன் சொன்னோம். அவங்க ஆமீன் சொன்னாங்க. அடங்குச்சு. அப்புறம் நடுவுல இருந்து ஆமீன் எழும்பிச்சு, பாவா குரலும் அதோட சேர்ந்து. எல்லா வாயும் ஒரே நேரத்துல தொடங்கி, ஒரே நேரத்துல முடிஞ்சது. எங்க பள்ளியில அந்த மாதிரி ஒரு ஆமீன் கேட்டு எத்தனையோ நாளாச்சு. ஃபேன் காத்துல உப்பு வாடை அடிச்சது.

ஸஜ்தாவுல பாவா கையை விரிக்க இடமில்லாம மார்போட ஒடுக்கி வச்சு நெத்தியைத் தரையில வச்சார். மூணு ரக்அத்தும் அப்படித்தான்.

ஸலாம் கொடுத்து முடிஞ்சது. வழக்கமா ஆளாளுக்கு எழுந்து செருப்பைத் தேடுவாங்க. அன்னிக்கு யாரும் அசையலை. பாவா வலது பக்கம் திரும்பி ரெண்டு கையையும் நீட்டினார். வெறும் காத்துல எதையோ பிடிச்சுக் குலுக்கி, கையை நெஞ்சுல வச்சார். இடது பக்கமும் அதே மாதிரி. அப்புறம் உள்ளங்கையைக் கைலியில துடைச்சுக்கிட்டார். துணியில ஈரம் படர்ந்ததை எல்லாரும் பார்த்தாங்க.

கனி ஹாஜியார் முகம் வெளிறிப் போச்சு. "அது... அவங்க ஆளுங்க இல்லையா?"ன்னு என்கிட்ட கிசுகிசுத்தார்.

அந்தப் பக்கம் பாக் தாஹிர் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தார்.

ஹஸ்ரத் மிஹ்ராப் மாடத்துல இருந்து முழுசா திரும்பி உக்காந்தார். ஏழு மாசத்துல முதல் தடவையா, தொழுகை முடிஞ்ச கையோட எங்க எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்தார்.

"பாவா, அவங்களைப் போகச் சொன்னீங்களா?"

"இல்லை."

"யாருன்னாவது கேட்டீங்களா?"

"கேக்கலை. அவங்களும் என்னைக் கேக்கலை. இடம் கேட்டேன், கொடுத்தாங்க."

"அப்ப நான் என்ன செய்ய? ஊர் முழுக்க என் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கு. எனக்கு பயமா இருக்கு பாவா. சுவர் கட்டி அவங்களை அனுப்பிடறதா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

பாவா எழுந்து நின்னார். வலது பக்கம் எங்களைப் பார்த்தார். இடது பக்கம் அவங்களைப் பார்த்தார். பின்னால மூலைக்கு ஒண்ணா உக்காந்திருந்தவங்களையும் பார்த்தார்.

"அது உங்க இஷ்டம் ஹஸ்ரத். ஆனா இந்தப் பள்ளியில தோளோட தோள் ஒட்டி நிக்கிறது அவங்க மட்டும்தான். அவங்களையும் அனுப்பிட்டா, நாளைக்கு ஜும்ஆவுல நீங்க யாருக்கு இமாம்?"